ஆஸ்பத்திரி கழிவு சாம்பல சுவத்துல போடலாமா? - வாசகர் கேள்வி பதில்

ஆஸ்பத்திரி கழிவ எரிச்சா வர்ற சாம்பல்ல செங்கல், பேவர் பிளாக் பண்ணலாமாமேன்னு கேட்டு இந்த தடவ நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகள சேத்துட்டேன். வேற தலைப்புல வந்ததெல்லாம் அடுத்த இதழ்ல.

கேள்வி: மேடம், நான் சிவில் கடைசி வருஷம் படிக்கறேன். எங்க டீம் ப்ராஜெக்ட்ல சிமெண்ட்ட 5, 10, 15 சதவீதம் குறைச்சுட்டு அதுக்கு பதிலா ஆஸ்பத்திரி இன்சினரேட்டர் (கழிவு எரிக்கற உலை) பாட்டம் ஆஷ், அதாவது உலை அடியில விழற சாம்பல் போட்டு டெஸ்ட் பண்ற கான்கிரீட் கியூப் போட்டோம். 5 சதவீதத்துல 28 நாள் ஸ்ட்ரென்த் சாதா கலவைக்கு கிட்டத்தட்ட சமமா வந்துச்சு. அப்ப இத ஹாலோ பிளாக்குக்கு பரிந்துரை பண்ணலாம்தானே?

பதில்: ஸ்ட்ரென்த் வந்துச்சுன்னு சொல்றத நான் நம்பறேன் தம்பி, அந்த சாம்பல்ல கால்சியம் சிலிக்கா அலுமினா எல்லாம் இருக்கறதால கொஞ்சமா போட்டா கலவை பெருசா எதுவும் காட்டிக்காது. ஆனா கியூப் டெஸ்ட் சொல்றது எவ்வளவு அழுத்தினா உடையும்னு மட்டும்தான். உள்ள இருக்கறது தண்ணி பட்டா வெளிய வருமா, பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும், இடிக்கும்போது தூசியில என்ன பறக்கும், இதெல்லாம் அந்த மெஷினுக்கு தெரியாது. உங்க பரிந்துரை இந்த மூணுத்தயும் சேத்து நிக்கணும்.

அந்த சாம்பலுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வார்டுல நின்னு யோசிச்சு பாருங்க. ரப்பர் கிளவுஸ்ல ஜிங்க் ஆக்சைடு இருக்கு, ரப்பர் இறுக அது வேணும். ஊசி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுல குரோமியமும் நிக்கலும். மாத்திரை அட்டையில அலுமினிய தகடு. எலும்பு முறிவு கட்டுல ஜிப்சம், அதாவது சல்பேட். எக்ஸ்ரேக்கு குடிக்க குடுக்கற பேரியம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வெள்ளி. பிவிசி டியூப், பிளாஸ்டிக் சாயம் இதுலருந்தெல்லாம் ஈயமும் காட்மியமும் வரலாம். பிவிசில எடைக்கு பாதிக்கும் மேல, 57 சதவீதம் கிட்ட குளோரின்தான். எரிச்சா பிளாஸ்டிக் போயிடும், உலோகம் எங்கயும் போகாது, கொஞ்சம் ஆவியாகி புகையோட மேல போகும் மிச்சம் சாம்பல்லயே கூடி நிக்கும்.

இப்ப இது ஒண்ணொண்ணும் சிமெண்ட்டோட சேந்தா என்ன பண்ணுதுன்னு பாருங்க. எரியாம மிஞ்சின அலுமினிய துணுக்கு சிமெண்ட்டோட காரத்துல பட்டா ஹைட்ரஜன் வாயு விடும், பிளாக் உப்பும், உள்ள ஓட்டை விழும், சில சமயம் வெடிப்பு. ஜிங்க்கும் ஈயமும் கலவை செட் ஆகறதயே தள்ளிப்போடும், 10, 15 சதவீதத்துல உங்களுக்கு ஸ்ட்ரென்த் இறங்கியிருந்தா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், செட்டிங் டைம் எடுத்து பாருங்க. மருந்து குப்பி கண்ணாடி துண்டு இருந்தா அதுல இருக்கற சிலிக்கா சிமெண்ட்டோட காரத்தோட மெதுவா வினை புரிஞ்சு ஜெல் ஆகி வீங்கும், அது மாசக்கணக்குல வருஷக்கணக்குல நடக்கற வேலை, 28 நாள்ல மாட்டவே மாட்டாது. குளோரைடு கம்பிய துரு பிடிக்க வைக்கும். நீங்க ஹாலோ பிளாக்னு சொல்றீங்க, அதுல கம்பி இல்லன்னு வைங்க, ஆனா அந்த பிளாக்க ஒட்டி பில்லரும் பீமும் இருக்கும்ல, ஈரத்தோட உப்பு நகரும்.

அடுத்தது கசிவு. இத லீச்சிங் டெஸ்ட்னு சொல்றாங்க. எல்லா பேப்பர்லயும் டிசிஎல்பினு ஒரு டெஸ்ட் போட்டு பாஸ்னு எழுதறாங்க, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏவோட டெஸ்ட் அது, மாதிரிய 9.5 மில்லிமீட்டருக்கு கீழ உடைச்சு, எடைக்கு 20 மடங்கு நீர்த்த அசெட்டிக் அமில கரைசல்ல போட்டு 18 மணி நேரம் சுத்த விட்டு, கரைசல்ல எவ்வளவு உலோகம் வந்துச்சுன்னு அளப்பாங்க. அதுல ஈயத்துக்கு லிமிட் லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிதண்ணில ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்க கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 500 மடங்கு வித்தியாசம். ஏன்னா டிசிஎல்பி வந்தது ஒரு கழிவ குப்பை கிடங்குல எந்த வகையா கொட்டலாம்னு பிரிக்க, வீடு கட்டலாமான்னு சொல்ல இல்ல. ‘டிசிஎல்பி பாஸ், அதனால பாதுகாப்பு’ன்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க, ப்ளீஸ்.

இன்னொரு சிக்கல், ஈயம் எல்லா பிஹெச்லயும் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு, 7க்கு மேல காரம்) ஒரே மாதிரி நடந்துக்காது. புது கான்கிரீட் பிஹெச் 12, 13ல இருக்கும், அங்க ஈயம் கொஞ்சம் கரையும். 9, 10 பக்கம் வந்தா அடங்கும். அமிலம் பக்கம் போனா திரும்ப நல்லா கரையும். குரோமியம் ஆறு இணைதிறன் நிலைக்கு மாறியிருந்தா காரத்துலயே தாராளமா வெளிய வரும், அதுதான் ரொம்ப விஷமான வடிவம். கட்டடத்துக்கு வயசாக ஆக காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் பிஹெச் 9க்கும் கீழ இறங்கும். அப்ப ஒரே ஒரு பிஹெச்ல எடுத்த ஒரு நம்பர வச்சு 50 வருஷத்துக்கு எப்படி பேசறது? அதனால பல பிஹெச்ல தனித்தனியா லீச்சிங் பாருங்க, கூடவே பிளாக்க உடைக்காம முழுசா தண்ணில போட்டு தண்ணிய மாத்தி மாத்தி 64 நாள் அளக்கற டேங்க் டெஸ்ட், நெதர்லாந்துல ஸ்டாண்டர்டா வச்சது, அதயும் பண்ணுங்க. அப்புறம் வேற வேற நாள்ல எடுத்த சாம்பல்ல திருப்பி பண்ணுங்க. ஆபரேஷன் தியேட்டர் கழிவு அதிகம் வந்த நாள் சாம்பலும் லேப் கழிவு அதிகம் வந்த நாள் சாம்பலும் ஒண்ணா இருக்காது, ஒரு மூட்டைய வச்சு சொன்ன முடிவு அந்த மூட்டைக்கு மட்டும்தான்.

ப்ராஜெக்ட்ட விட்டுடாதீங்க. இந்த நம்பர் எல்லாம் எடுத்து வச்சீங்கன்னா, முடிவு ‘வேண்டாம்’னு வந்தாலும், உங்க ரிப்போர்ட் நான் படிக்கற பல பேப்பர விட உருப்படியா இருக்கும்.

கேள்வி: நான் நர்ஸா இருக்கேன். எங்க கழிவெல்லாம் 1000 டிகிரி பக்கம் எரிக்கறாங்க. எந்த கிருமியும் தப்பிக்காது. அப்புறமும் எதுக்கு இந்த சாம்பல பாத்து இவ்வளவு பயம்?

பதில்: கிருமி விஷயத்துல நீங்க சொல்றது சரிங்க. ஒழுங்கா ஓடற இன்சினரேட்டர்ல ரெண்டு அறை இருக்கும், முதல் அறையில கழிவு 800 டிகிரி பக்கம் எரியும், அந்த புகை ரெண்டாவது அறையில 1000 டிகிரிக்கு மேல ஒரு ரெண்டு செகண்டாவது இருக்கணும். அதுல எதுவும் உயிரோட இருக்காது. ஒழுங்கா ஓடலன்னாதான் பிரச்சன, கதவ அடிக்கடி திறந்து ஈரக் கழிவ அளவுக்கு மேல திணிச்சா சூடே ஏறாது, சாம்பல கிளறினா பாதி வெந்த பஞ்சும் துணியும் தெரியும். அதனாலதான் சாம்பல திருப்பி சூடாக்கி எவ்வளவு எடை குறையுதுன்னு பாக்கற டெஸ்ட் இருக்கு, 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா சரியா எரியலன்னு அர்த்தம்.

பயம் உலோகத்தாலயும் டையாக்சினாலயும், அதாவது குளோரின் இருக்கற கழிவு எரியும்போது உருவாகற விஷ வேதிப்பொருளாலயும். டையாக்சின் ஒரு விசித்திரமான ஆளு, 1000 டிகிரில அழியும், ஆனா அதே புகை ஆறும்போது 450லருந்து 200 டிகிரிக்குள்ள மெதுவா கடந்தா குளோரினும் மிஞ்சின கார்பனும் சேந்து திரும்ப உருவாகும், செம்பு துகள் இருந்தா இன்னும் வேகமா. அதான் நல்ல ஆலையில புகைய சட்டுனு குளிர வைப்பாங்க. உருவானது போய் ஒட்டிக்கறது ஃபில்டர்ல பிடிக்கற நுண் சாம்பல்ல, அதுதான் ஃப்ளை ஆஷ். அடியில விழற பாட்டம் ஆஷ்ல கம்மி. டையாக்சினும் அதே குடும்பத்து ஃப்யூரானும் சேத்து மொத்தம் 210 வகை இருக்கு, அதுல 17 ரொம்ப விஷம், அதுல மோசமான டிசிடிடிய 1997லயே மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கறதுன்னு வகைப்படுத்திட்டாங்க. 2001ல கையெழுத்தாகி 2004ல அமலுக்கு வந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல மருத்துவ கழிவு எரிக்கற இன்சினரேட்டர டையாக்சின் வர்ற முக்கிய இடங்கள்ல ஒண்ணா பேர் சொல்லியே எழுதியிருக்காங்க.

பாதரச தெர்மாமீட்டர் உடைஞ்சத மட்டும் தயவு செஞ்சு எரிக்கற பையில போட்டுடாதீங்க. பாதரசம் 357 டிகிரிலயே கொதிச்சிடும், சாம்பல்ல தேடினாலும் கிடைக்காது, புகைக்கூண்டு வழியா போயிடும்.

கேள்வி: வீடு கட்ட ஃப்ளை ஆஷ் செங்கல் வாங்கிட்டோம். இப்ப இத படிச்சதும் தூக்கமே வரல. அதுல ஆஸ்பத்திரி சாம்பல் இருக்குமா?

பதில்: நிம்மதியா தூங்குங்கம்மா. நீங்க வாங்கின செங்கல்ல இருக்கற ஃப்ளை ஆஷ் அனல்மின் நிலையத்துல நிலக்கரிய எரிச்சு வர்றது. ரெண்டுக்கும் பேர் ஒண்ணா இருக்கறதால வந்த குழப்பம். நிலக்கரி சாம்பல் எத்தனையோ பத்தாண்டா கான்கிரீட்ல போகுது, அமெரிக்காவுல 1953ல முடிச்ச ஹங்ரி ஹார்ஸ் அணையிலயே போட்டிருக்காங்க, அதுக்கு தனி ஸ்டாண்டர்ட் இருக்கு, தினமும் ஒரே மாதிரி நிலக்கரி எரியறதால சாம்பலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். மனசு கேக்கலன்னா சப்ளையர்கிட்ட எந்த மின் நிலைய சாம்பல்னு கேளுங்க, ஒழுங்கா பண்றவங்ககிட்ட பேப்பர் இருக்கும்.

கேள்வி: பேவர் பிளாக் யூனிட் வச்சிருக்கேன். ஒருத்தர் வந்து மெடிக்கல் வேஸ்ட் எரிச்ச சாம்பல சும்மாவே தர்றேன், ஏத்துக்கூலியும் நானே தர்றேன்றார். மணலுக்கு பதிலா கொஞ்சம் கலந்தா செலவு மிச்சம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்ணா. யோசிக்கவே வேண்டாம். கழிவ பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்பினா அவருக்கு காசு செலவு, அந்த செலவையும் பொறுப்பையும் சேத்து உங்க தலையில இறக்க பாக்கறார். பல இடத்துல பாட்டம் ஆஷையும் ஃபில்டர் சாம்பலையும் ஒரே ட்ரம்ல கொட்டிடறாங்க, உங்க யார்டுக்கு வர்றது எதுன்னு உங்களுக்கு தெரிய வழியே இல்ல. ஒரு கணக்கு சொல்றேன். ஃபில்டர் சாம்பல்ல 15 சதவீதம் குளோரைடு இருக்குன்னு வைங்க, பத்துக்கு மேல இருக்கறது சகஜம்தான். சிமெண்ட்டும் சாம்பலும் சேத்து 100 கிலோன்னா, அதுல 90 கிலோ சிமெண்ட், 10 கிலோ இந்த சாம்பல். ஒன்றரை கிலோ குளோரைடு உள்ள போயிடுச்சு, சிமெண்ட் எடைக்கு 1.6 சதவீதத்துக்கு மேல. கம்பி கான்கிரீட்டுக்கு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் அனுமதிக்கற உச்சமே 0.4 சதவீதம். உங்க பிளாக்ல கம்பி இல்ல சரி, ஆனா அதே மிக்ஸர்ல நாளைக்கு கம்பி போட்ட சிலாப் ஓட்ட மாட்டீங்களா?

காசு கணக்க விட எனக்கு உங்க யூனிட்ல வேலை செய்யறவங்கதான் மனசுல நிக்கறாங்க. காய்ஞ்ச சாம்பல மண்வெட்டியில அள்ளி மிக்ஸர்ல கொட்டும்போது பறக்கற தூசிய அவங்கதான் சுவாசிக்கணும், அந்த தூசியிலதான் காட்மியமும் ஈயமும் அதிகமா ஒட்டியிருக்கும். வேலை முடிஞ்சு அதே சட்டையோட வீட்டுக்கு போய் குழந்தைய தூக்குவாங்க. ஈயம் குழந்தைங்க மூளை வளர்ச்சியத்தான் முதல்ல தாக்கும், இந்த அளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே அதுக்கு கிடையாது.

கேள்வி: மேஸ்திரி வேலை பாக்கறேன். ஒரு சைட்ல ரோடு நிரவ சாம்பல் கொட்டினாங்க, அதுல ஊசி கிடந்துச்சு, கையெல்லாம் எரிச்சல். என்ன சாம்பல்னு யாரும் சொல்லல.

பதில்: ஊசி கிடந்துச்சுன்னா அது எங்கருந்து வந்துச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. உடனே வேலைய நிறுத்துங்க, எடுத்து குடுக்கற ஆளையும் நிறுத்துங்க. சாம்பல் பலமான காரம், ஈரக்கையில பட்டா தோல் வெந்துரும், நிறைய தண்ணி ஊத்தி கழுவுங்க, கண்ணுல பட்டா கால் மணி நேரமாவது தண்ணி விட்டுட்டே இருந்துட்டு டாக்டர்கிட்ட போங்க. ஊசி குத்தியிருந்தா அது எரிஞ்ச ஊசியா எரியாம வந்த ஊசியான்னு நீங்க கண்டுபிடிக்க முடியாது, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போய் விஷயத்த அப்படியே சொல்லுங்க, டெட்டனஸ் ஊசி, ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி பாதுகாப்பு எது வேணும்னு அவங்க பாப்பாங்க. ஹெச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அதனால நாளைக்கு பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்கண்ணே. சாம்பல பெருக்கி தூசி கிளப்பாதீங்க, லேசா தண்ணி தெளிச்சு ஷீட் போட்டு மூடி வச்சுட்டு மாசு கட்டுப்பாட்டு அதிகாரிங்களுக்கு தகவல் குடுக்க சொல்லி காண்ட்ராக்டர வற்புறுத்துங்க, அவர் பண்ணலன்னா நீங்களே குடுங்க.

கேள்வி: எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா அந்த சாம்பல எங்கதான் போடறது? கிடங்குல புதைச்சா நிலத்தடி நீர் கெடாதா? சிமெண்ட்டுக்குள்ள பூட்டி வச்சா நல்லதுன்னு விஞ்ஞானிங்களே எழுதறாங்களே.

பதில்: கேக்க வேண்டிய கேள்வி இது. சிமெண்ட்டுக்குள்ள பூட்டறது உண்மையிலயே ஒரு நல்ல முறைதான், அபாயகரமான கழிவுகளுக்கு பல காலமா பண்றாங்க. ஆனா பூட்டினத எங்க வைக்கறோம்ன்றதுதான் எனக்கும் அவங்கள்ல சிலருக்கும் இருக்கற கருத்து வேறுபாடு. அடியில ஷீட் போட்ட, கசிவு நீர பிடிச்சு டெஸ்ட் பண்ற கிடங்குல அந்த கட்டிய வச்சா அது எங்க இருக்குன்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். அதே கட்டி பிளாக்கா மாறி ஆயிரம் வீட்டுக்கு போனா, முப்பது நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் சுவத்த இடிச்சு, அந்த இடிபாட்ட உடைச்சு ஒரு பள்ளத்த நிரவும்போது அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. உடைய உடைய புது முகம் வெளிய வரும், தண்ணி தொடற பரப்பு பல மடங்காகும்.

நடந்த கதை ஒண்ணு இருக்கு, ஆஸ்பத்திரி சாம்பல் இல்ல, ஊர் குப்பை சாம்பல்தான். இங்கிலாந்துல நியூகாசில் நகரத்துல பைக்கர்னு ஒரு இடத்துல இருந்த எரிப்பு ஆலையோட சாம்பல 1990கள்ல மக்கள் காய்கறி போடற பொது தோட்டங்கள்ல நடைபாதைக்கு போட்டாங்க. பாட்டம் ஆஷோட ஃப்ளை ஆஷும் கலந்திருந்துச்சு. 2000 வாக்குல டெஸ்ட் பண்ணினா டையாக்சினும் உலோகமும் நிறைய, அங்க வளத்த கோழியோட முட்டைய சாப்பிடாதீங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு, போட்ட சாம்பல திரும்ப அள்ள வேண்டி வந்துச்சு. வேணும்னே விஷம் வைக்க யாரும் நினைக்கல, கழிவ உபயோகமா மாத்தறோம்னுதான் பண்ணினாங்க.

வேற வழி இருக்கு. தண்ணில கழுவினா குளோரைடு பெரும்பகுதி போயிடும், ஆனா அந்த கழுவின தண்ணிய சுத்தப்படுத்தணும், அத யாரும் பேச மாட்டேங்கறாங்க. 1300, 1400 டிகிரிக்கு மேல உருக்கி கண்ணாடியா மாத்தினா டையாக்சின் அழியும், பல உலோகம் கண்ணாடிக்குள்ள கெட்டியா மாட்டிக்கும், எனக்கு பிடிச்ச முறை இதுதான், கரண்ட் செலவுதான் ரொம்ப அதிகம். ஜியோபாலிமர்னு சிமெண்ட் இல்லாத கலவையிலயும் ஆராய்ச்சி நடக்குது, நடக்கட்டும். என்னோட நிலைப்பாடு இதுதான்: ஃபில்டர் சாம்பல் எந்த கட்டுமான பொருளுக்கும் போக கூடாது. பாட்டம் ஆஷ தனியா பிடிச்சு, உலோகத்த பிரிச்சு, பேட்ச் பேட்ச்சா டெஸ்ட் பண்ணி, கிடங்குக்குள்ளயே தேவைப்படற தடுப்பு கட்டை, உள்ரோடு மாதிரி வேலைக்கு வேணா போடலாம். வீடு, ஸ்கூல், கிணத்து உறை, தண்ணி தொட்டி, குழந்தைங்க விளையாடற இடம், இங்கெல்லாம் கூடாது.

கேள்வி: ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நிர்வாகம் பாக்கறேன். சாம்பல் விஷயத்துல எங்க கையில என்ன இருக்கு?

பதில்: உங்க கையிலதான் பாதி விஷயம் இருக்குங்க. ஆஸ்பத்திரியில வர்ற கழிவுல 85 சதவீதம் சாதாரண குப்பைதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பேப்பர், அட்டை, சாப்பாட்டு மிச்சம் இப்படி. ஆபத்தானது 15 சதவீதம்தான். ரெண்டையும் ஒரே பையில போட்டா மொத்தமும் ஆபத்தானதாயிடும், மொத்தமும் எரிக்க போகும், சாம்பலும் அதே கணக்குக்கு கூடும். பெட் பக்கத்துலயே தனித்தனி பை வச்சு பிரிக்கறத ஒரு மாசம் நீங்களே நேர்ல நின்னு பாருங்க, சார்ட் ஒட்டிட்டு விட்டா நடக்காது.

அப்புறம் பிளாஸ்டிக், ரத்தம் பட்ட பஞ்சு, லேப் கழிவு இதுல பெரும்பாலானத எரிக்கவே வேண்டாம், ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவியில கிருமி நீக்கலாம், அதுக்கப்புறம் பிளாஸ்டிக்க துண்டாக்கி மறுசுழற்சிக்கே அனுப்பலாம், டையாக்சின் பேச்சே இல்ல. உடல் உறுப்பு, புற்றுநோய் மருந்து மாதிரி சிலதுக்குதான் எரிப்பு தேவைப்படும், புற்றுநோய் மருந்த ஆட்டோகிளேவ்ல போட்டுடாதீங்க, நீராவி அத அழிக்காது. பர்ச்சேஸ் பண்ணும்போது பிவிசி இல்லாத டியூப், பை கிடைக்குதான்னு கேளுங்க, உள்ள வர்ற குளோரின் குறைஞ்சா சாம்பல்லயும் குறையும். உங்க கழிவ எடுத்துட்டு போற நிறுவனத்துகிட்ட ரெண்டு கேள்வி எழுத்துல கேளுங்க, பாட்டம் ஆஷும் ஃபில்டர் சாம்பலும் தனியா வைக்கறீங்களா, அது கடைசியா எந்த கிடங்குக்கு போகுது. பதில் வந்தா ஃபைல்ல வைங்க. வரலன்னா அடுத்த காண்ட்ராக்ட் போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் நிபந்தனையா எழுதிடுங்க.